வயிற்றைத் தொடாத டாக்டர் வீடியோவில் ஸ்கேன் பார்த்தால் போதுமா?

நீலகிரி மலையில் இருக்கும் கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 27, முதல் கர்ப்பம், கடிதம் எழுதிய அன்று 20 வாரம் 2 நாள். உள்ளூர் ஸ்கேன் சென்டரில், குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் எடுத்திருக்கிறார். குழந்தையின் மூளை, முதுகெலும்பு, வயிறு, கை கால் எல்லாம் சரியாக இருக்கின்றன, இதயத்தின் நான்கு அறைகளும் தெரிகின்றன, ஆனால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள் தெளிவாகக் கிடைக்கவில்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது. ஸ்கேன் எடுத்த டாக்டர், "வெள்ளிக்கிழமை திரும்ப வாங்க. நான் ஸ்கேன் பண்ணும்போதே கோவையில் இருக்கிற ஃபீட்டல் மெடிசின் (வயிற்றிலிருக்கும் குழந்தைக்கான மருத்துவம்) டாக்டர் வீடியோவில் பார்ப்பார்" என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. "வயிற்றில் கையே வைக்காத டாக்டருக்கு என்ன தெரியும், இது காசு பிடுங்கும் வேலை" என்கிறார் கணவர். அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்தால் கதிர் பட்டுக் குழந்தைக்கு ஆகாது என்கிறார் மாமியார். துபாயில் இருக்கும் அண்ணன், அந்த வீடியோவில் தன்னையும் சேர்க்கச் சொல்கிறார். அங்கே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டலாமாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், வீட்டுக்கே சின்ன மெஷின் கொண்டுவந்து போனில் பார்த்துச் சொல்லும் ஆள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாசகியின் பயமோ வேறு. இதயத்தில் குறை இருப்பதாகத் தெரிந்தாலும், 20 வாரம் தாண்டிவிட்டதால் சட்டப்படி இனி எதுவும் செய்ய முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவா, இன்றே கோவைக்குக் கிளம்பவா?" என்று கேட்கிறார்.

வெள்ளிக்கிழமை வரை தாராளமாகக் காத்திருக்கலாம். அதற்குள் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஸ்கேன் உங்களுக்கு எவ்வளவு பயன்படும் என்பது பெரும்பாலும் நீங்கள் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தது.

முதலில் ரிப்போர்ட்டைப் பற்றி. 'தெளிவாகக் கிடைக்கவில்லை' என்று எழுதியிருப்பதை 'குறை இருக்கிறது' என்று நீங்கள் படித்துவிட்டீர்கள். கடிதம் முழுக்க அந்தப் பயம் தெரிகிறது. 20 வாரத்தில் குழந்தையின் இதயம் சுமார் 2 சென்டிமீட்டர் அகலம்தான். குழந்தை முதுகை மேலே காட்டிக்கொண்டு படுத்திருந்தால் முதுகெலும்பின் நிழல் இதயத்தின் மேல் விழும். கை மார்பின் குறுக்கே வந்தாலும் மறைக்கும். அம்மாவின் வயிற்றுச் சுவர் கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் படம் மங்கும். இப்படி நேரும்போது 'எல்லாம் நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவது சுலபம். உங்கள் டாக்டர் அப்படிச் செய்யவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதி, இன்னொருவரையும் கூப்பிட்டிருக்கிறார். அவர் மேல் உங்கள் கணவருக்கு வந்திருக்கும் சந்தேகம் நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் குழாய்களை ஏன் அவ்வளவு முக்கியமாக நினைக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அதில் எட்டு முதல் பத்துப் பேருக்கு ஏதாவது ஒரு பிறவி இதயக் குறை இருக்கும். அவற்றில் பல சின்னவை. சில தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் பெரிய குழாய்கள் இரண்டும் இடம் மாறி முளைத்திருக்கும் குறை ஒன்று உண்டு. அந்தக் குழந்தைக்கு நான்கு அறைகளும் பார்க்க நன்றாகவே இருக்கும். இதயத்தை விட்டு வெளியே வரும் இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றனவா, இல்லை பக்கத்தில் பக்கத்தில் நேராகப் போகின்றனவா என்று பார்த்தால்தான் பிடிபடும். இது முன்னாலேயே தெரிந்தால் குழந்தை இதய சிகிச்சை இருக்கும் ஊரில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் மலையில் பிறந்தால், நீலம் பாரித்த பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஸ்கேன் இதற்காகத்தான்.

தொடாமல் பார்த்தால் தெரியுமா?

உங்கள் கணவரின் கேள்வியில் பாதி சரியானது. அல்ட்ராசவுண்டில் படம் மெஷினுக்குள் தயாராக இருப்பதில்லை. வயிற்றின் மேல் வைக்கும் கருவியான புரோபைப் பிடித்திருக்கும் கைதான் அதை உண்டாக்குகிறது. மணிக்கட்டு ஐந்து டிகிரி சாய்ந்தால் வேறு படம். எக்ஸ்ரேயை எங்கே எடுத்தாலும் எங்கிருந்தும் படிக்கலாம். ஸ்கேன் அப்படி இல்லை. அதனால், தூரத்தில் இருக்கும் நிபுணர் எவ்வளவு பெரியவர் என்று கேட்பதற்கு முன், உங்கள் வயிற்றில் புரோபை வைக்கப்போவது யார் என்று கேளுங்கள். அனுபவமுள்ள சோனாலஜிஸ்ட் (ஸ்கேன் டாக்டர்) கையில் இருந்தால் இந்த முறை நன்றாக வேலை செய்யும். கை பழகாதவர் என்றால், கோவையில் யார் உட்கார்ந்திருந்தாலும் மங்கலான படத்தைத்தான் பார்ப்பார். உங்கள் விஷயத்தில் நான்கு அறைகளையும் சரியாக எடுத்துக் காட்டிய டாக்டரே திரும்பச் செய்கிறார். அது நல்ல அறிகுறி.

கணவர் சொன்னதில் மீதிப் பாதி சரியில்லை. ஸ்கேன் முடிந்த பிறகு ரிப்போர்ட் பார்ப்பது போன்றதில்லை இது. நானும் இப்படிப் பார்ப்பதுண்டு, அதனால் சொல்கிறேன். திரையில் ஒரு பக்கம் மெஷினின் படம் ஓடும். இன்னொரு பக்கம் வயிற்றின் மேல் புரோப் எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரியும். "நாலு அறையிலேயே நில்லுங்க... இப்போ மெதுவா குழந்தையின் தலைப் பக்கம் சாய்ங்க... இன்னும் கொஞ்சம்... அங்கேயே ஃப்ரீஸ்" என்று பேசிப் பேசியே கொண்டுபோவோம். சரியான இடம் வந்ததும் நுரையீரலுக்குப் போகும் குழாய், உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி, உடலின் மேல்பகுதியிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை மூன்றும் பெரிதிலிருந்து சின்னதாக ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசை கிடைத்ததும் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போடச் சொல்லி, ரத்தம் முதல் இரண்டு குழாயிலும் ஒரே பக்கமாகப் போகிறதா என்று பார்ப்போம். குழந்தை திரும்பவில்லை என்றால், "அம்மாவைக் கொஞ்சம் நடந்துட்டு வரச் சொல்லுங்க" என்று அரை மணி நேரம் காத்திருப்பதும் வழக்கம்.

இது புதுசா கண்டுபிடித்த வித்தையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டவுன்ஸ்வில் ஊர்க் கர்ப்பிணிகளின் ஸ்கேனை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் பிரிஸ்பேனில் இருந்த நிபுணர்கள் 1990களின் பிற்பகுதியிலேயே நேரலையில் பார்த்திருக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் மருத்துவரே அல்லாத விண்வெளி வீரர்கள், பூமியில் இருந்த நிபுணர்கள் சொல்லச் சொல்ல ஒருவருக்கொருவர் ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். எலும்பு மூட்டு போன்ற நிலையான உறுப்புக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்துச் செய்வது ஓரளவு எளிது. துடித்துக்கொண்டும் புரண்டுகொண்டும் இருக்கும் 20 வாரச் சிசுவின் இதயம் அவ்வளவு எளிதில்லை. அதனால்தான் கையைப் பற்றி இவ்வளவு சொன்னேன்.

படம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள்

பல பேர் கேட்காமல் விடும் கேள்வி இது. மெஷினிலிருந்து கேபிள் வழியாக நேராகக் கம்ப்யூட்டருக்குப் படம் போகிறதா, அல்லது மெஷின் திரைக்கு முன்னால் ஒரு செல்போனைப் பிடித்து வாட்ஸ்அப் வீடியோ காலில் காட்டுகிறார்களா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. போன் கேமராவில் டியூப்லைட் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கும். சாம்பல் நிறத்தின் நுணுக்கங்கள் போய்விடும். ஒரு வால்வு இருக்கிறதா, அசைகிறதா என்பது அந்தச் சாம்பல் வித்தியாசத்தில்தான் தெரியும்.

நெட் வேகமும் அப்படித்தான். சிசுவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். 140 என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு அரை நொடி கூடக் கிடையாது. வீடியோ நொடிக்கு 30 படமாக ஓடினால் ஒரு துடிப்புக்குச் சுமார் 13 படம் கிடைக்கும். நெட் திணறி அது 10 ஆகக் குறைந்தால் ஒரு துடிப்புக்கு நான்கு படம்தான். நாலு படத்தை வைத்து ஒரு வால்வு சரியாகத் திறந்து மூடுகிறது என்று எந்தப் பொறுப்பான டாக்டரும் சொல்லமாட்டார். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் நெட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு வழி உண்டு: இதயத்தின் காட்சிகளைச் சின்னச் சின்னத் துண்டு வீடியோக்களாக மெஷினிலேயே முழுத் தரத்தில் சேமித்து, நேரலை முடிந்ததும் கோவை டாக்டருக்கு அனுப்பிவிடுவது. அவர் அதை மெதுவாக ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லலாம். "நேரலை மட்டுமா, துண்டு வீடியோவும் அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். அனுப்புவோம் என்றால் நெட் பற்றிய கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே மாதிரிக் கதிர் இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி அலைதான். அதிக நேரம், அதிக சக்தியில் வைத்தால் லேசான சூடு உண்டாகலாம் என்பதால், மெஷின் திரையின் ஓரத்தில் பாதுகாப்புக்கான இரண்டு அளவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். டாக்டர்கள் அதைக் குறைவாக வைத்துத்தான் பார்ப்பார்கள். மருத்துவக் காரணத்துக்காக ஒரு வாரத்தில் இரண்டாவது ஸ்கேன் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. விளையாட்டாகக் குழந்தை முகம் பார்க்க அடிக்கடி எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

சட்டம், பொறுப்பு, பணம்

ஸ்கேனை நெட்டில் காட்டுவதே குற்றம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் தொலைவிலிருந்து ஆலோசனை கேட்பதை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. அதில் உங்களுக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு: ஆலோசனை கேட்ட டாக்டர்தான் தொடர்ந்து உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவர், பொறுப்பும் அவருடையது. அதனால் நாளைக்கு ஒரு சிக்கல் என்றால், "கோவைக்காரர் சொன்னார்" என்று உள்ளூர் டாக்டர் கை கழுவ முடியாது. ரிப்போர்ட்டில் யார் ஸ்கேன் செய்தார், யார் தொலைவிலிருந்து பார்த்தார், எந்தெந்தக் காட்சிகள் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதை டாக்டரே ஏற்பாடு செய்வதால், தொடங்கும் முன் உங்கள் சம்மதத்தை வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். கட்டணத்துக்கு ரசீது தரவேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. முன்கூட்டியே தொகையைக் கேட்டு, ரசீதும் வாங்கிவிட்டால், உங்கள் கணவரின் சந்தேகத்துக்கு அதுவே பதில்.

அப்புறம் 1994ஆம் வருடச் சட்டம். சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் இந்தச் சட்டம் வீடியோவில் பார்ப்பவருக்கும் பொருந்தும். புரோப் வைக்கும் இடம் பதிவு பெற்ற சென்டராக இருக்கவேண்டும். ஃபார்ம் எஃப் நிரப்பி, பாலினம் அறிய விரும்பவில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போடவேண்டும். போன வாரமே போட்டிருப்பீர்கள்; வெள்ளிக்கிழமை திரும்பப் போடச் சொன்னால் யோசிக்காமல் போடுங்கள். அது சரியான சென்டர் என்பதற்கு அடையாளம்.

துபாய் அண்ணனும், வீட்டுக்கு வரும் மெஷினும்

அண்ணனின் அக்கறை புரிகிறது. ஆனால் நேரலையில் அவரைச் சேர்க்கவேண்டாம். இதயத்தைத் தேடும்போது புரோப் குழந்தையின் உடல் முழுக்கப் போய்வரும். பாலினத்தை வார்த்தையாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரியப்படுத்தக்கூடாது என்பது சட்டம். வீட்டு ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இணைப்பில் அதற்கு இடம் கொடுத்தால், டாக்டரின் பதிவு பறிபோகவும் வழக்கு வரவும் வாய்ப்பிருக்கிறது. உங்கள் போனில் ரெக்கார்ட் செய்ய அவர்கள் மறுத்தால், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துபாய் டாக்டரிடம் காட்டுவதிலும் ஒரு சிக்கல்: இந்தியாவின் தொலை மருத்துவ நெறிகள் நாட்டுக்கு வெளியே நடக்கும் ஆலோசனைக்குப் பொருந்தாது. அவர் தப்பாகச் சொன்னால் நீங்கள் இங்கே யாரிடமும் முறையிட முடியாது. எழுதிய ரிப்போர்ட்டை அண்ணனுக்கு அனுப்புங்கள். அவர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கட்டும். அதில் தவறில்லை.

உங்கள் வீடியோ வேறு யார் கைக்கும் போய்விடுமோ என்ற கவலை நியாயமானது. துண்டு வீடியோக்களை எங்கே சேமிக்கிறார்கள், பெயர் இல்லாமல் அனுப்புகிறார்களா, டாக்டர்களின் சொந்த போனில் கிடக்குமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கூச்சப்படாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். கையடக்க ஸ்கேன் மெஷின் நல்ல கருவிதான். ஆனால் பதிவு பெற்ற மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்கும், பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ வாகனத்திலும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று 2012இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. வீடு வீடாகக் கொண்டுவருவது சட்டவிரோதம். அப்படி வருபவர்களில் பலர் எதற்காக வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்த வலையில் நீங்கள் தெரியாமல்கூடச் சிக்கக்கூடாது.

20 வாரம் தாண்டினால் கதவு மூடிவிடுமா?

மூடிவிடாது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய வரி இதுதான். கருக்கலைப்புச் சட்டம் 2021இல் மாறிவிட்டது. சிசுவுக்குக் கடுமையான குறை இருக்கிறது என்று தெரிந்தால், 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு கர்ப்பத்தைக் கலைக்கலாம். 24 வாரத்துக்குப் பிறகும், மாநில அரசு அமைத்த மருத்துவ வாரியம் ஆராய்ந்து ஒப்புக்கொண்டால் வழி உண்டு. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்லவேண்டும் என்று விதி இருக்கிறது. இதற்குக் கணவரின் கையெழுத்தோ மாமியாரின் அனுமதியோ சட்டப்படி தேவையில்லை. 18 வயது தாண்டிய பெண்ணின் சம்மதம் போதும்.

ஆனால் தயவுசெய்து அந்த எண்ணத்தோடு வெள்ளிக்கிழமை போகாதீர்கள். முதலில், குறை இருக்கிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. இரண்டாவது, இருந்தாலும் பெரும்பாலான பிறவி இதயக் குறைகளுக்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு. நான் மேலே சொன்ன, குழாய்கள் இடம் மாறிய குறையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள், பிறந்த முதல் சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் நன்றாக வளர்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகள் வருகின்றன. உங்கள் குடும்பத்துக்கு அந்த அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைப்பதில் நஷ்டமில்லை. பயத்தில் இருக்கும் நாள் முடிவெடுக்க உகந்த நாள் இல்லை. குழந்தை இதய நிபுணரிடம் நேரில் உட்கார்ந்து, சிகிச்சை என்ன, குழந்தையின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்ட பிறகு பேசவேண்டிய விஷயம் அது.

எப்போது கோவைக்கு நேரில் போகவேண்டும்?

வீடியோவில் 'நார்மல்' என்று வந்தாலும், எந்தக் குறையுமே இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சின்னத் துளைகள் நேரில் பார்த்தாலும் தப்பிவிடும். மகாதமனி குறுகல் போன்ற சில குறைகள் பிந்தைய மாதங்களில்தான் தெரியவரும். இதை ஏற்றுக்கொண்டுதான் போகவேண்டும்.

வீடியோவில் சந்தேகம் என்று வந்தாலோ, திரும்பவும் குழாய்கள் கிடைக்கவில்லை என்றாலோ மூன்றாவது வீடியோவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கோவைக்குப் போய் நேரில், குழந்தையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேனான ஃபீட்டல் எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். குரோமோசோம் பரிசோதனைக்காகப் பனிக்குட நீர் எடுக்கவேண்டும் என்றாலும் நேரில்தான் முடியும். மலைப்பாதையில் நான்கைந்து மணி நேரம் உட்காருவது சிரமம்தான், ஆனால் 21 வாரத்தில் வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிக்கு அது ஆபத்தில்லை. நடுவில் குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இறங்கி நடந்துகொள்ளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்ததா? வலிப்புக்கு மாத்திரை எடுத்தீர்களா? உங்களுக்கோ கணவருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ பிறவியிலேயே இதயக் குறை உண்டா? சொந்தத்தில் கல்யாணமா? இவற்றில் முதல் மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால், வீடியோவில் என்ன வந்தாலும் நேரில் ஒரு ஃபீட்டல் எக்கோ எடுத்துவிடுங்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த அளவுக்குத் தேடவேண்டும் என்று அவர் அதை வைத்தும் முடிவு செய்வார்.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டே போங்கள். முன்பு எடுத்த எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், ஆர்சிஹெச் (தாய்-சேய் நல) அட்டையும் பையில் இருக்கட்டும். கணவரையும் உள்ளே அழைத்துப் போக அனுமதி கேளுங்கள்; கோவை டாக்டர் வழிகாட்டுவதை அவரே காதால் கேட்டால், பாதிச் சண்டை அங்கேயே முடியும். அன்று நெட் வரவில்லை என்று திருப்பி அனுப்பினால், அடுத்த தேதியை அந்த வாரத்துக்குள்ளேயே கேளுங்கள். 22 வாரம் முடிவதற்குள் அந்தக் காட்சிகள் கிடைக்கவில்லை என்றால், யார் சொன்னாலும் காத்திருக்காமல் கோவைக்குக் கிளம்பிவிடுங்கள்.